வாசலில் விமானம் நிற்கும் வீடு: ஏர்பார்க் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஓடுபாதையைச் சுற்றி வீடுகள் கட்டி எழுப்பிய குடியிருப்புக்கு ஏர்பார்க் என்று பெயர். கார் ஷெட் இருக்கவேண்டிய இடத்தில் ஹேங்கர் இருக்கும். காலையில் அதன் கதவைத் திறந்து, விமானத்தை வெளியே இழுத்து, ஸ்டார்ட் செய்து, தெருவழியாகவே உருட்டிக்கொண்டு போய் ஓடுபாதையில் ஏறிப் பறந்துவிடலாம். அமெரிக்காவில் மட்டும் இப்படி 600-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் உண்டு. முதலாவதாகச் சொல்லப்படுவது கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் 1946-ல் தொடங்கிய சியரா ஸ்கை பார்க். உலகப் போர் முடிந்து, பறக்கத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பிய காலம் அது. போருக்காகப் போட்ட ஓடுபாதைகளும் பல இடங்களில் சும்மா கிடந்தன. ஃப்ளோரிடாவில் டேடோனா பீச் பக்கம் இருக்கும் ஸ்ப்ரூஸ் க்ரீக், கடற்படை அப்படி விட்டுப்போன ஓடுபாதையைச் சுற்றி வளர்ந்ததுதான்.

இந்த இடங்களைப் பற்றி நம் ஆட்களுக்குத் தெரியவருவது பெரும்பாலும் வீடியோக்கள் வழியாக. கலிஃபோர்னியாவின் கேமரன் பார்க்கில் 100 அடி அகலத் தெருவில் காரும் விமானமும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் காட்சியைப் பார்த்துவிட்டு, "அடுத்த லீவுக்கு ஒரு எட்டுப் போய்ப் பார்க்கலாமே" என்று கிளம்புகிறார்கள். பைலட் லைசென்ஸ் வாங்கியவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் வீட்டு விலை விசாரிக்கிறார்கள். இரண்டு கூட்டமும் திரும்பத் திரும்ப ஒரே தவறுகளைத்தான் செய்கின்றன.

போய்ப் பார்க்கும்போது

ஓடுபாதை இருப்பதால் அதைப் பொது விமான நிலையம் என்று நினைத்துவிடுவதுதான் முதல் தவறு. பல ஏர்பார்க்குகள் தனியார் சொத்து. சாலை வழியாகப் போனால் கேட்டில் நிறுத்துவார்கள், உள்ளே யாராவது உங்களை அழைத்திருக்க வேண்டும். விமானத்தில் போனாலும் அதே கதைதான். பைலட்டுகள் பயன்படுத்தும் வரைபடத்தில் வட்டத்துக்குள் ஆர் என்ற எழுத்து போட்டிருந்தால் முன் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. சில இடங்களில் வருவதற்கு முன்பே, ஏதாவது நடந்தால் அங்குள்ள வீட்டுக்காரர்களின் சங்கத்தின் மேல் வழக்குப் போடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் கேட்பார்கள். இதைச் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். உங்கள் சொந்த இன்ஷூரன்ஸ் தனியார் ஓடுபாதையில் இறங்குவதை ஏற்கிறதா என்று பார்க்கவேண்டிய நேரமும் அதுதான்.

உள்ளே போனபின் தெருவில் யாருக்கு வழி? விமானத்துக்குத்தான். கார், சைக்கிள், கோல்ஃப் கார்ட், நடந்து போகிறவர் எல்லோரும் ஒதுங்கி நிற்க வேண்டும். பைலட் நம்மைப் பார்த்திருப்பார் என்று நம்பிச் சாலையைக் கடப்பது ஆபத்து. வால்பக்கம் சிறு சக்கரம் வைத்த பழைய ரக விமானங்களில் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவருக்கு நேர் முன்னால் எதுவுமே தெரியாது. அதனால்தான் அவர்கள் இடதும் வலதுமாக வளைந்து வளைந்து உருட்டிக்கொண்டு வருவார்கள். கேமரன் பார்க்கில் தெருப் பலகைகளையும் தபால் பெட்டிகளையும் இறக்கையில் தட்டாதபடி தாழ்வாக நட்டிருக்கிறார்கள் என்றால், காரை எங்கே நிறுத்தலாம் என்று கேட்டுவிட்டு நிறுத்துவது எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் ப்ரொப்பெல்லரைப் பிடித்துப் போட்டோ எடுக்கக் கூடாது. சாவி இல்லை, எஞ்சின் ஓடவில்லை என்பதெல்லாம் உத்தரவாதமே இல்லை. இந்த வகை எஞ்சின்கள் பலவற்றில் தீப்பொறி தருவது பேட்டரி அல்ல, எஞ்சின் சுழலும்போதே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ. அதை அணைக்கும் சுவிட்ச் வயர் ஒன்று கழன்றிருந்தால் போதும், கையால் சற்றுத் தள்ளினாலே சூடான எஞ்சின் ஒரு சுற்று உதைத்துவிடும். அப்புறம் டிரோன். அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சனிக்கிழமை காலையில் மட்டும் போய்விட்டு முடிவெடுப்பது இன்னொரு தவறு. அன்றுதான் எல்லோரும் ஹேங்கரைத் திறந்து வைத்திருப்பார்கள், காபி கொடுப்பார்கள், கூட்டமாகப் பறந்துபோய் வேறு ஊரில் காலை உணவு சாப்பிட்டுவிட்டு வருவார்கள். பார்க்கவே ஆசையாக இருக்கும். செவ்வாய்க்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் ஆளே இல்லாமலும் இருக்கலாம், ஒரே ஆள் ஒரு மணி நேரமாக இறங்கி ஏறிப் பயிற்சி செய்துகொண்டும் இருக்கலாம். இரண்டில் எது உங்களுக்கு ஒத்துவராது என்று அன்றைக்குத்தான் தெரியும். வாடகைக்கு வீடு கிடைத்தால் ஒரு பருவம் தங்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. அரிசோனாவுக்குக் கோடையிலும் வடக்கு மாநிலங்களுக்குப் பனிக்காலத்திலும் போங்கள்.

ஓடுபாதை யாருடையது?

வீடு வாங்க நினைப்பவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. பெரும்பாலானோர் இதைக் கடைசியில் கேட்கிறார்கள், சிலர் கேட்பதே இல்லை. வீடு எங்கேயும் கிடைக்கும். இங்கே கூடுதலாகப் பணம் கொடுப்பது ஓடுபாதைக்குப் போய்வரும் உரிமைக்காக. அந்த உரிமை எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் சமையலறைக் கிரானைட்டைத் தடவிப் பார்த்து என்ன பயன்?

பொதுவாக மூன்று ஏற்பாடுகளைக் காணலாம். ஒன்று, வீட்டுக்காரர்களின் சங்கமே ஓடுபாதையை வைத்திருப்பது. இரண்டு, தனி ஒருவரோ ஒரு நிறுவனமோ வைத்திருந்து, வீட்டுக்காரர்களுக்கு உபயோகிக்க அனுமதி கொடுப்பது. மூன்று, அரசு விமான நிலையத்தின் வேலிக்கு வெளியே வீடுகள் இருந்து, ஒப்பந்தத்தின் பேரில் உள்ளே உருட்டிக்கொண்டு போவது.

மூன்றில் இரண்டாவதுதான் எனக்குக் கவலை தருவது. ஒரு மனிதரின் விருப்பத்தில் பிறந்த ஓடுபாதை அவருடைய வாரிசுகளின் விருப்பத்தில் மூடப்படலாம். ஃப்ளோரிடாவின் ஜம்போலேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலிவுட் நடிகர் ஜான் டிரவோல்டாவின் வீடு இருக்கும் இடம் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 7,500 அடிக்கு மேல் நீளும் அந்த ஓடுபாதை, நாட்டிலஸ் உடற்பயிற்சிக் கருவியைக் கண்டுபிடித்த ஆர்தர் ஜோன்ஸ் தன் சொந்தத் தேவைக்குப் போட்டது. 1984-ல் ஜிம்பாப்வேயிலிருந்து 63 யானைக்குட்டிகளை விமானத்தில் கொண்டுவந்து இறக்கிய ஆள் அவர். வீட்டுமனைகள் பின்னால் வந்தவை. அங்கே அது நல்லபடியாக முடிந்தது. எல்லா இடத்திலும் அப்படி முடிய வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓடுபாதை நிலம் கைமாறினாலும் உங்கள் உரிமை தொடருமா என்பது, அது பதிவு செய்யப்பட்ட வழிப்பாத்தியதையாக உங்கள் பத்திரத்தோடு வருகிறதா, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வெறும் அனுமதியா என்பதைப் பொறுத்தது. விமான நிலையச் சொத்துகளைப் பார்த்துப் பழகிய வக்கீலிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அரசு விமான நிலையத்தை ஒட்டிய வீடுகளில் சிக்கல் வேறு. ஓரிகான் மாநிலத்தின் இண்டிபெண்டென்ஸ் அப்படிப்பட்ட இடம். விமான நிலையம் மாநில அரசுடையது, வீடுகள் தனியாருடையவை. மத்திய அரசின் பணம் வாங்கும் நிலையங்களில் இப்படி வீட்டிலிருந்து நேரே உள்ளே வருவதை அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. நெடுங்காலம் விரும்பவில்லை. 2012-ல் வந்த சட்டம்தான் சிறிய நிலையங்களுக்கு அதைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. நுழைவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும், வீட்டில் வைத்து விமானத்துக்கு எரிபொருள் நிரப்பக் கூடாது என்பவை அவற்றில் சில. ஓடுபாதை மூடப்படும் பயம் குறைவு, ஆனால் ஒப்பந்தத்தின் காலம் முடியும்போது என்ன ஆகும் என்று படித்துத்தான் ஆக வேண்டும்.

சங்கமே சொந்தக்காரராக இருப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. அதிலும் ஒரு முள் உண்டு. ஸ்ப்ரூஸ் க்ரீக்கில் ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள், கூடவே கோல்ஃப் மைதானம். எல்லா வீட்டுக்கும் ஹேங்கர் இல்லை, அங்கே வசிக்கும் எல்லோரும் பறப்பவர்களும் இல்லை. எனவே "அந்தக் குடியிருப்பில் வீடு" என்று விளம்பரம் சொன்னால், அந்த வீட்டு வாசலுக்கு விமானம் வருமா என்று தனியாகக் கேளுங்கள். பறக்காதவர்கள் அதிகமுள்ள சங்கத்தில், ஓடுபாதைக்கு மறுபடி தார் போடப் பணம் ஒதுக்கலாமா, இரவில் இறங்கத் தடை போடலாமா என்ற ஓட்டெடுப்பு எப்படிப் போகும் என்றும் யோசியுங்கள். கடந்த சில ஆண்டுகளின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்தால் ஊரின் நிஜ முகம் தெரிந்துவிடும். மாதச் சந்தா குறைவு என்று சந்தோஷப்படாதீர்கள். சேமிப்பு நிதி இல்லாத சங்கம், ஓடுபாதை விரிசல் விட்ட ஆண்டில் எல்லோரிடமும் ஒரே தொகையாகக் கேட்கும்.

அளவுகள்

ஹேங்கர் கதவை டேப் வைத்து அளக்காமல் வாங்கியவர்கள் உண்டு. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் இறக்கை அகலம் 36 அடி ஒரு அங்குலம், சிர்ரஸ் எஸ்ஆர்22-க்கு 38 அடி 4 அங்குலம். 40 அடிக் கதவு இரண்டுக்கும் போதும் என்று காகிதம் சொல்லும். சிர்ரஸை ஒரு பக்கத்துக்கு ஓர் அடி கூட இடைவெளி இல்லாமல் தினமும் தள்ளிப் பாருங்கள், தெரியும். நாளைக்குப் பிலாட்டஸ் பிசி-12 என்ற பெரிய விமானத்தை வாங்கும் கனவு இருந்தால் இறக்கை அகலம் 53 அடிக்கு மேல், வால் உயரம் 14 அடி. நடுவில் மடிந்து மேலே போகும் கதவு என்றால், திறந்தபின் மிஞ்சும் உயரத்தை அளக்க வேண்டும். மடிப்பு கொஞ்சம் உயரத்தைத் தின்றுவிடும்.

ஓடுபாதையின் நீளத்தையும் அப்படியே நம்ப முடியாது. கடல்மட்டத்தில், இதமான வெப்பநிலையில், 50 அடி உயரத் தடையைத் தாண்டி மேலேற செஸ்னா 172எஸ்-க்குக் கையேட்டின்படி சுமார் 1,630 அடி வேண்டும். சியரா ஸ்கை பார்க்கின் ஓடுபாதை ஏறக்குறைய 2,500 அடி, சரி, போதும். ஆனால் ஃப்ரெஸ்னோவில் கோடையில் 40 டிகிரி அடிக்கும். இடம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு அடி சொச்சம்தான். அந்த வெயிலில் காற்று லேசாகி, விமானம் மூவாயிரம் அடிக்கு மேல் உயரமான ஊரில் இருப்பதைப் போலத் திணறும். குடும்பத்தோடு, பெட்டியோடு, முழு டேங்க் எரிபொருளோடு அந்த ஓடுபாதையிலிருந்து ஏற முடியுமா என்று உங்கள் விமானத்தின் கையேட்டை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டைப் பிடிக்க வேண்டும். மலை மாநிலங்களில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது.

கடன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கியின் மதிப்பீட்டாளர் பக்கத்தில் சமீபத்தில் விற்ற இதுபோன்ற வீடுகளைத் தேடுவார், கிடைக்காது. வீட்டைவிட ஹேங்கர் பெரிதாக இருந்தால் சில வங்கிகள் தயங்கும். கூடுதல் முன்பணத்துக்குத் தயாராகப் போங்கள். வீட்டு இன்ஷூரன்ஸ் விமானத்துக்கும் சேர்த்து என்று நினைப்பதும் தவறு, அது தனி பாலிசி.

அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று. வீடு வாங்க விசா ஒரு தடையில்லை. ஆனால் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லாத ஒருவர், அமெரிக்கப் பதிவெண் கொண்ட விமானத்தைத் தன் பெயரில் பதிய முடியாது. டிரஸ்ட் வைத்துப் பதிவு செய்கிறார்கள், அதற்கு ஆண்டுதோறும் செலவு உண்டு. பறக்கக் கற்றுக்கொள்வதற்கே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தனி அனுமதி வேண்டும். ஹேங்கர் வீட்டை வாங்கிவிட்டு இதையெல்லாம் விசாரிப்பது வால் பிடித்து மாட்டை ஓட்டுவது மாதிரி.

வீட்டிலுள்ள மற்றவர்கள்

பறப்பவர் ஒருவர், அந்த முடிவோடு வாழப்போகிறவர் நாலு பேர். ஏர்பார்க்குகளில் பல ஊருக்கு வெகு வெளியே இருக்கின்றன. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மளிகை எல்லாம் எவ்வளவு தூரம் என்பதை வார நாளில், நெரிசல் நேரத்தில், காரில் ஓட்டிப் பாருங்கள். பறக்காத கணவரோ மனைவியோ அங்கே யாரோடு பேசிப் பழகுவார் என்பதும் விலையைப் போலவே முக்கியம். எல்லா உரையாடலும் எஞ்சின் ஆயிலில் தொடங்கி எஞ்சின் ஆயிலில் முடியும் விருந்துகளை நீங்கள் ரசிக்கலாம், அவர் ரசிக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

சத்தத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், எரிபொருளைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் பெரும்பாலானவை இன்றும் ஈயம் கலந்த பெட்ரோலில்தான் ஓடுகின்றன. கலிஃபோர்னியாவில் 2031 முதல் அதை விற்கக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. சின்னக் குழந்தை இருக்கும் வீடு, எஞ்சினைச் சூடாக்கிச் சோதிக்கும் இடத்துக்கு எதிரில் வேண்டாம் என்பது என் கருத்து.

வயதையும் கணக்கில் கொள்ளாமல் விடுகிறார்கள். 40 தாண்டினால் பைலட்டுக்கு வேண்டிய மூன்றாம் நிலை மருத்துவச் சான்று இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். அந்தச் சான்றுக்குப் பதிலாக 2017 முதல் இருக்கும் பேசிக்மெட் ஏற்பாட்டில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை டாக்டர், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இணையப் பாடம் என்று கொஞ்சம் சலுகை கிடைக்கிறது. என்றாலும் ஒரு நாள் இதயமோ கண்ணோ வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அன்றைக்கு ஹேங்கரை வேறொரு பைலட்டுக்கு வாடகைக்கு விட சங்க விதிகள் இடம் தருமா, அதில் விமானம் இல்லாமல் வேறு சாமான்கள் வைக்கலாமா என்று வாங்கும்போதே பாருங்கள். விற்கலாம் என்றால் வாங்க வருகிறவரும் பறப்பவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். எனவே இப்போது உங்களுக்கு விற்பவரிடமே கேளுங்கள்: இந்த வீடு எத்தனை மாதமாகச் சந்தையில் இருக்கிறது, இதே தெருவில் கடைசியாக விற்ற வீட்டுக்கு எவ்வளவு நாள் பிடித்தது என்று.