வேலை மாறியபின் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு

காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா பக்கங்களிலிருந்து எச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்கா வந்திருக்கும் தம்பி தங்கைகள் வேலை மாறியவுடன் கேட்பது ஒன்றைத்தான்: “விசாவில் பழைய கம்பெனி பெயர்தானே இருக்கிறது, ஊருக்குப் போனால் திரும்ப விடுவார்களா?”

விடுவார்கள். விசாவின் தேதி முடியாமல் இருந்து, புதிய நிறுவனத்தின் மனுவுக்கு அமெரிக்க அரசு தந்த ஒப்புதல் கடிதமான ஐ-797 உங்கள் கையில் இருந்தால், பழைய பெயருள்ள அதே விசாவில் திரும்பலாம். மறுபடி ஸ்டாம்பிங், அதாவது தூதரகத்தில் புதிய விசா குத்தி வாங்குவது, தேவையில்லை. விசா என்பது வாசலில் நின்று அனுமதி கேட்பதற்கான சீட்டு மட்டுமே. எந்த நிறுவனத்தில் எதுவரை வேலை செய்யலாம் என்பதைச் சொல்வது ஐ-797. எந்தத் தேதி வரை தங்கலாம் என்பதைச் சொல்வது, உள்ளே நுழையும்போது பதிவாகும் ஐ-94. விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஐ-797 அசல், புதிய நிறுவனத்தின் வேலைக் கடிதம், அண்மைய சம்பளச் சீட்டுகள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அபுதாபி வழியாக வந்தால் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். பெட்டிக்குள் வைத்த காகிதம் அப்போது உதவாது.

ஒப்புதல் வருவதற்குமுன் கிளம்புவதுதான் ஆபத்து. மனு தாக்கலானதுமே புதிய இடத்தில் வேலையைத் தொடங்கச் சட்டம் அனுமதிக்கிறது என்பதால், பயணமும் போகலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். என் கருத்து உறுதியானது: ஒப்புதல் வரும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள். விரைவுப் பரிசீலனைக்குப் பணம் கட்டினால் 15 வேலைநாட்களுக்குள் ஏதாவது ஒரு பதில் வந்துவிடும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் என்பது எல்லோருக்கும் தெரியும். தை மாதக் கல்யாணத்துக்கும் மாதக்கணக்கில் முன்னதாகவே நாள் குறித்துவிடுகிறார்கள். அந்தத் தேதியைப் புதிய நிறுவனத்திடம் முதலிலேயே சொல்லி, அதற்கேற்ப மனுவைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது வெளியேறினால் அது கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். 2025 செப்டம்பர் 21 முதல் புதிய மனுக்களுக்கு வந்த ஒரு லட்சம் டாலர் கட்டணமும் அதனால் தலையில் விழலாம்.

அப்பாவை வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று போன் வந்தால் யாரும் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள். போய் வாருங்கள். ஆனால் விமானம் ஏறுமுன் நிறுவனத்தின் வக்கீலுக்கு ஒரு மின்னஞ்சலாவது அனுப்புங்கள். வெளியேறுவதால் மனுவுக்கு என்ன ஆகும், எந்தக் காகிதத்தோடு திரும்ப வேண்டும் என்று அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விசா தேதி முடிந்திருந்தால் சென்னை அண்ணா சாலைத் துணைத் தூதரகத்துக்குப் போயாக வேண்டும். 2025 செப்டம்பர் 2 முதல் எச்-1பி புதுப்பிப்புக்கும் பெரும்பாலும் நேர்காணல் உண்டு. டிசம்பர் 15 முதல் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். அவற்றைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். அந்த மாற்றத்தின்போது நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போய், விடுமுறைக்கு வந்தவர்கள் பலர் ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள். அதனால் என்னைக் கேட்டால், வேலை மாறிய முதல் ஆண்டில், கட்டாயம் இல்லாவிட்டால் ஸ்டாம்பிங் தேவைப்படும் பயணமே வேண்டாம். புதிய மேலாளர் உங்களுக்காக எவ்வளவு காலம் காத்திருப்பார் என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது.

போவதென்று முடிவெடுத்தால், கைரேகைப் பதிவும் நேர்காணலும் தனித்தனி முன்பதிவுகள் என்பதை மனதில் வையுங்கள். காலை நேர்காணலுக்கு வேலூரிலிருந்து அன்றைக்கே காரில் கிளம்ப வேண்டாம்; ஸ்ரீபெரும்புதூர் தாண்டியபின் நெரிசல் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. முந்தைய நாளே காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னையில் தங்கிவிடுங்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு, பாஸ்போர்ட்டில் வேலூர், ஆதாரில் ராணிப்பேட்டை என்று மூன்று மாவட்டம் இருக்கும். 1989-இல் வட ஆற்காடு பிரிந்ததும், 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்ததும்தான் காரணம். பயப்பட ஒன்றுமில்லை. டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் பிறந்த இடத்தைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள். யாராவது கேட்டால் மாவட்டம் பிரிந்ததைச் சொல்லுங்கள்.

திரும்பி வந்து இறங்கியதும் பார்க்க வேண்டியது ஐ-94. இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். கடைசியாக உள்ளே வந்தபோது கொடுத்த ஐ-94 தேதிதான் உங்களைக் கட்டுப்படுத்தும். ஐ-797-இல் இன்னும் மூன்று ஆண்டு இருந்தாலும், பாஸ்போர்ட் அடுத்த ஆண்டு முடிகிறதென்றால் அதிகாரி அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவார். அதைக் கவனிக்காமல் இருந்துவிட்டால், ஒரு நாள் உங்களுக்கே தெரியாமல் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கியவராகிவிடுவீர்கள். ஆகவே பாஸ்போர்ட்டைப் பயணத்துக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். அதிகாரியிடம் புதிய ஐ-797-ஐ நீங்களே எடுத்துக் கொடுங்கள். விசாவில் உள்ள பழைய பெயரை மட்டும் பார்த்து அவர் முடிவெடுக்க விடாதீர்கள்.

ஐ-94 இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அப்பா பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்துக்கொள்ளும் நமக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் பெரும்பாலும் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் நம் பெயரையே குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ (FNU, ‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கம்) என்று போட்டுவிடுவார்கள். ஐ-94 கிடைக்கவில்லையென்றால் அந்த எழுத்துகளைப் போட்டும் தேடிப் பாருங்கள்.

மனைவியோ கணவரோ எச்-4 என்ற குடும்பத்தினர் விசாவில் இருந்தால் அவருடைய ஐ-94-ஐயும் குழந்தைகளுடையதையும் தனித்தனியாகப் பாருங்கள். அவர்கள் தனியே பயணம் செய்தால் உங்கள் புதிய ஐ-797-இன் நகலும் திருமணப் பதிவுச் சான்றும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அதிகாரியின் பிழையால் தேதி தவறாக விழுந்திருந்தால், பெரிய விமான நிலையங்களில் உள்ள சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் அலுவலகத்தில் திருத்தித் தருவார்கள். பாஸ்போர்ட் முடிவதால் குறைந்த தேதி என்றால் வக்கீலிடம் உடனே சொல்லுங்கள்; அந்தத் தேதிக்கு முன்பே நீட்டிப்பு கேட்க வேண்டியிருக்கும்.