பிஞ்சனை வாசிக்கப் போகிறீர்களா? நான் செய்த தப்புகள்

முதல் தப்பு, அமெரிக்க நாவலாசிரியர் தாமஸ் பிஞ்சனை 'கிராவிட்டீஸ் ரெயின்போ'வில் ஆரம்பித்தது. 1973-இல் வந்த நாவல். முதல் பதிப்பு 760 பக்கம். இரண்டாம் உலகப் போர், ஜெர்மானியரின் வி-2 ராக்கெட், ரசாயனக் கம்பெனிகள், நடுநடுவே அசட்டுப் பாட்டுகள். காரைக்குடி வீட்டு வளவில் தூணில் சாய்ந்துகொண்டு, வருகிற பெயரையெல்லாம் நோட்டில் எழுதினேன். யார், யாருக்கு என்ன உறவு, எந்தப் பக்கம். பாதி நோட்டு தீர்ந்தும் நூறு பக்கம் தாண்டவில்லை. அப்பத்தா எட்டிப் பார்த்து, "என்னடா, மொய்ப்பணமா எழுதுற?" என்றார்.

அதுதான் இரண்டாவது தப்பு. கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததுமே எல்லாரிடமும் "எந்த ஊரு, எந்தக் கோயிலு?" என்று கேட்டு முடித்துவிட்டா பந்தியில் உட்காருகிறோம்? வேண்டிய ஆள் மறுபடி எதிரில் வருவார். வராதவரை விட்டுவிடலாம். புரியாத பக்கத்தையும் அப்படித்தான் தாண்டிப் போக வேண்டும். ஆனால் சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். பெரிய நாவலாயிற்றே என்று முகத்தை இறுக்கிக்கொண்டு படித்தால் பாதி போய்விடும்.

வெளியில் முகம் காட்டாத பிஞ்சன் என்கிற ஆளைத் தேடுவது இன்னொரு வீண்வேலை. 1974-இல் தேசியப் புத்தக விருதுக்கு அவருக்குப் பதிலாக மேடையேறியவர் இர்வின் கோரி என்ற காமெடியன். 2004-இல் 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் குரல் கொடுத்தார், தலையில் காகிதப் பையோடு. இளவயதில் போயிங்கில் தொழில்நுட்ப எழுத்தாளராக இருந்தவர் என்பது மட்டும், ராக்கெட் பக்கங்களைப் படிக்கும்போது உதவும்.

'தி க்ரையிங் ஆஃப் லாட் 49'-இல் (1966) தொடங்குங்கள். இருநூறு பக்கம்கூட வராது. 1984-இல் எழுதிய ஒரு முன்னுரையில் பிஞ்சனே இதை மட்டமாகப் பேசியிருக்கிறார், கண்டுகொள்ளாதீர்கள். பழைய காதலன் செத்துப்போக, அவன் சொத்துக்குப் பொறுப்பு ஈடிபா மாஸ் என்ற பெண்ணின் தலையில் விழுகிறது. பங்கு பிரிக்கிற தலைவலியை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்! போகிற இடமெல்லாம் வாய் அடைத்த தபால் கொம்பு (அந்தக் காலத்தில் தபால்காரர்கள் ஊதியது) ஒன்றின் படம் அவள் கண்ணில் படுகிறது. ரகசியத் தபால் கூட்டமா, வெறும் பிரமையா? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், யார் வீட்டதென்று தெரியாத போட்டோக்களைப் புரட்டியவர்களுக்கு அந்தக் குறுகுறுப்பு தெரியும்.

விடை கடைசிப் பக்கத்தில் இருக்கும் என்று ஓட்டமாக ஓடினேன். அங்கே செத்தவனின் தபால்தலைகள் ஏலத்துக்கு வருகின்றன. ஈடிபா நாற்காலியில் சாய்ந்து காத்திருக்கிறாள். ஏலக்காரர் தொண்டையைச் செருமுகிறார். நாவல் முடிந்துவிட்டது.