டோசரைத் திருத்த வேண்டுமா? முதலில் அதற்கு அடியில் படுத்துப் பாருங்கள்

மண் தள்ளும் டோசரின் வடிவமைப்பை மேம்படுத்த உட்காருபவர்கள் முதலில் வரைபடத்தைத்தான் விரிப்பார்கள். அது அப்புறம். ஷிப்ட் முடிந்து, டிராக் (சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் இரும்புச் சங்கிலி) முழுக்கச் சேறு அப்பி, எஞ்சின் சூடு ஆறாமல் நிற்கும் வண்டியிடம் போங்கள். கழுவித் துடைத்த வண்டியில் எல்லா நட்டும் கைக்கு எட்டுகிற மாதிரிதான் இருக்கும். கிரீஸ் அடிக்கும் பையனிடம், "தம்பி, எந்த நிப்பிளுக்கு அடிக்காம விட்டுடுவே?" என்று கேளுங்கள். நிப்பிள் என்பது கிரீஸ் கன்னை மாட்டும் சின்ன முனை. திட்டாமல் கேட்டால் உண்மையைச் சொல்வான்.

ஈக்வலைசர் பாரின் நடுவில் இருக்கும் பின் (pin) என்று அவன் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டு பக்க டிராக் ஃபிரேமையும் இணைத்துக் குறுக்கே போகும் அந்தப் பாருக்கு கிரீஸ் அடிக்க, சில மாடல்களில் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, முகத்தில் மண் கொட்டக் கொட்ட நிப்பிளைத் தேட வேண்டும். யார் தினமும் செய்வார்கள்? அந்தப் பின்னும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் வளையமும் தேய்ந்து போன பிறகுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். இதற்கு வழி, அங்கிருந்து ஒரு ஸ்டீல் குழாயை, நின்றபடி கிரீஸ் கன்னை மாட்டும் இடத்துக்குக் கொண்டுவருவது. பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், கல் வெட்டிவிடும். குழாயை அந்தப் பின்னோடு இணைப்பதற்கு முன்பு முழுக்க கிரீஸால் நிரப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் முதலில் அடிக்கும் கிரீஸெல்லாம் குழாய்க்குள்ளேயே நின்றுவிடும், பின் வரை போய்ச் சேராது.

அடுத்தது பெல்லி கார்டு. வயிற்றுப் பக்கத் தகடே கனம், அதன் மேல் தேங்கிய சேறும் கல்லும் சேர்ந்தால் கடைசி போல்ட்டைக் கழற்றும்போது ஆளைக் கொல்லும். ஒரு பக்கம் கீல் வைத்து, மறுபக்கம் சங்கிலியோ ஜாக்கியோ தாங்கிக்கொள்ள மெதுவாக இறங்கும்படி அமையுங்கள். போல்ட் தலைகள் தரையில் உரசி உரசி வட்டமாகி, ஸ்பானர் பிடிக்காமல் கடைசியில் கேஸ் கட்டரைத் தேட வைக்கும். தலையைச் சுற்றி ஒரு தடித்த வளையம் வெல்ட் செய்தாலே போதும், உரசல் வளையத்தோடு போய்விடும். ஆயில் டிரெய்ன் பிளக்குக்கு நேர்கீழே ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் பழைய ஆயில் தகட்டின் மேல் பரவித் தேங்கும், சூடான எஞ்சினுக்குக் கீழே அது நெருப்புக்கு அழைப்பு.

பெரிய அளவில் யோசிப்பவர்களுக்கு நல்ல பாடம் கேட்டர்பில்லர் 1977இல் அறிமுகப்படுத்திய டி10. டிராக்கை இழுத்து ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மேலே தூக்கி, டிராக்கை முக்கோண வடிவில் ஓட விட்டார்கள். ஸ்ப்ராக்கெட்டைச் சுழற்றும் கடைசிக் கியர் தொகுதியான ஃபைனல் டிரைவ் தரையில் மோதும் அதிர்ச்சியிலிருந்தும் சேற்றிலிருந்தும் தப்பியது ஒரு பக்கம். மெக்கானிக்குக்குப் பெரிய லாபம் வேறு: டிரான்ஸ்மிஷனைத் தனித் தொகுதியாக வண்டியின் பின்பக்கமாகவே வெளியே இழுக்கலாம், அதற்காகப் பாதி வண்டியைப் பிரித்துப் போட வேண்டியதில்லை. போல்ட்டில் மாட்டும் ஸ்ப்ராக்கெட் துண்டுகளும் அப்படித்தான், டிராக்கைப் பிரிக்காமலே ஒவ்வொன்றாக மாற்றலாம். எந்தப் பாகத்தை வரைந்தாலும், இதைக் கழற்ற வேறு எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை கூடக் கூட வடிவமைப்பு மோசம்.

சரி, கேபினுக்கு வருவோம். டோசர் ஆபரேட்டர் தள்ளிய அளவுக்குத் திரும்பப் பின்னால் வர வேண்டும், பின்னால் மண்ணைக் கீறும் கொக்கியான ரிப்பரைப் போட்டால் கேட்கவே வேண்டாம், கழுத்து நாள் முழுக்கத் திரும்பியே இருக்கும். பெரிய டோசர்களில் சீட்டைச் சுமார் 15 டிகிரி வலப்பக்கம் திருப்பி வைப்பது இதற்காகத்தான். ஆளின் எடைக்கேற்பச் சீட்டைச் சரிசெய்யும் குமிழ் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் நூறு கிலோ ஆளுக்கு வைத்ததிலேயே அறுபது கிலோ ஆளும் குலுங்கிக்கொண்டிருப்பார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்கு உடல் முழுவதும் தாங்கும் அதிர்வின் முடுக்கம் 0.5 மீ/வி²ஐத் தாண்டினால் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. இதைச் சீட்டின் மேல் அளந்துதான் முடிவெடுக்க முடியும், ஆபரேட்டர் பழகிவிட்டதால் "ஒண்ணுமில்ல சார்" என்பார்.

டீசலரேட்டர் பெடலையும் மறக்காதீர்கள். மிதித்தால் எஞ்சின் வேகம் குறையும், லாரியிலிருந்து வருபவருக்குத் தலைகீழ். திரும்பத் திரும்ப மிதிக்கும் பெடல் என்பதால் குதிகால் தரையில் ஊன்றியபடியே பாதத்தால் அழுத்தும்படி இருக்க வேண்டும், காலைத் தூக்கி மிதிக்க வைத்தால் மாலைக்குள் முழங்கால் பேசும்.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள்: கேபினைத் தாங்கும் ரோல்-ஓவர் கூண்டு. விளக்கு மாட்டவோ ஃபேன் மாட்டவோ அதில் ஓட்டை போடுவதும் வெல்ட் அடிப்பதும் வண்டி கவிழும்போது தாங்கும் பலத்தைக் குறைக்கும், சான்றிதழும் செல்லாது. கிளாம்ப் போட்டு மாட்டுங்கள்.

மாற்றங்களைச் செய்து முடித்ததும், அவற்றைச் செய்யாத ஒரு மெக்கானிக்கிடம், இரவு ஷிப்டில், கையுறையும் டார்ச்சும் கொடுத்து தினசரிச் சோதனையை முழுக்கச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே கையுறையைக் கழற்றுகிறாரோ, எங்கே டார்ச்சை வாயில் கவ்வுகிறாரோ, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி வரைபடத்துக்குப் போங்கள்.