கனடா குடியேற்றத்துக்கான எஃப்.பி.ஐ. கைரேகைச் சான்று: ரேகை நிராகரிக்கப்படாமல் பெறுவது எப்படி

அமெரிக்காவில் எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாக்களில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, அங்கிருந்தோ ஊர் திரும்பிய பிறகோ கனடாவின் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் தமிழர்கள் பலர் கடைசிக் கட்டத்தில் தடுமாறுவது காவல்துறைச் சான்றில்தான். இந்தியாவில் பிசிசி எனப்படும் காவல்துறைச் சான்றைப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக, காவல் நிலைய விசாரணையின் அடிப்படையில் பெற்றுப் பழகியவர்களுக்கு, அமெரிக்கச் சான்றும் பெயரையும் முகவரியையும் கொடுத்தால் கிடைத்துவிடும் என்ற எண்ணம் இயல்பாகவே வருகிறது. ஆனால் அந்தச் சான்றை வழங்கும் எஃப்.பி.ஐ. பத்து விரல்களின் ரேகைகளை வைத்தே தன் பதிவேட்டைத் தேடுகிறது. ரேகை தெளிவாக இல்லையென்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் சான்று வராது.

கடந்த 10 ஆண்டுகளுக்குள், 18 வயது நிறைந்த பிறகு, அமெரிக்காவில் தொடர்ந்து 6 மாதங்களோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொருவருக்கும் இந்தச் சான்று தேவை. முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டுமல்ல, எச்-4 விசாவில் உடன் இருந்த கணவர் அல்லது மனைவிக்கும் இது பொருந்தும். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் ஏற்பாடு செய்துவிட்டு மற்றவரை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

எப்போது தொடங்க வேண்டும் என்பதே இதில் மிக முக்கியமான முடிவு. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற தேர்வு முறையில், நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு, அதாவது ஐடிஏ, வந்த நாளிலிருந்து முழு விண்ணப்பத்தையும் சமர்ப்பிக்க 60 நாட்களே உண்டு. இந்தியாவிலிருந்து ரேகை பதித்த அட்டையை அஞ்சலில் அனுப்பி, அது நிராகரிக்கப்பட்டு, மறுபடியும் அனுப்ப நேர்ந்தால் அந்த 60 நாட்கள் போதாமல் போகக்கூடும். ஆகவே அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சில நாடுகள் குடியேற்றத் துறையின் கடிதம் இல்லாமல் சான்று தருவதில்லை, எஃப்.பி.ஐ. அப்படி எந்தக் கடிதமும் கேட்பதில்லை. அமெரிக்காவை விட்டு வந்துவிட்டவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: அங்கே கடைசியாக 6 மாதங்களோ அதற்கு மேலோ வாழ்ந்து முடித்த பிறகு வழங்கப்பட்ட சான்றாக இருந்தால் போதும், அதன் தேதி பழையதாகிவிடும் என்ற கவலை இல்லை. இப்போதும் அமெரிக்காவிலேயே வசிப்பவர்கள் மட்டும், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 6 மாதங்களுக்குள் பெற்ற சான்றைத் தர வேண்டும் என்பதால், மிக முன்கூட்டியே எடுத்துவிடாமல் காலத்தைக் கணக்கிட்டுக் கொள்வது நல்லது.

இணையத்தில் தேடினால், சில நாட்களில் சான்று பெற்றுத் தருவதாகச் சொல்லும், எஃப்.பி.ஐ. அங்கீகாரம் பெற்ற 'சேனலர்' எனப்படும் இடைநிலை நிறுவனங்கள் முதலில் கண்ணில் படும். அந்த வழி அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே உரியது. எச்-1பி விசாவில் இருப்பவரோ, ஊர் திரும்பிவிட்டவரோ அதைப் பயன்படுத்த முடியாது. பணம் கட்டுவதற்கு முன் இதை அறிந்துகொள்ளுங்கள். நமக்கு உள்ள வழி, எஃப்.பி.ஐ.யின் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பித்து 18 டாலர் கட்டணத்தைச் செலுத்துவதுதான். அமெரிக்காவில் இருப்பவர்கள் அதன் பிறகு, இந்தச் சேவை உள்ள அஞ்சல் நிலையம் ஒன்றுக்குச் சென்று மின்னணு முறையில் ரேகை பதிவு செய்யலாம், அதுவே விரைவானது. வெளிநாட்டில் இருப்பவர்கள், விண்ணப்பத்தை உறுதிப்படுத்தி வரும் மின்னஞ்சலை அச்சிட்டு, அதை ரேகை அட்டையுடன் சேர்த்து, மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் கிளார்க்ஸ்பர்க் நகரில் உள்ள எஃப்.பி.ஐ. பிரிவுக்கு அனுப்ப வேண்டும். எங்கே போய்ச் சேர்ந்தது என்று கண்காணிக்கக்கூடிய கூரியரில் அனுப்புங்கள்.

ரேகை எடுப்பதற்கு எஃப்டி-1164 அல்லது எஃப்டி-258 என்ற படிவம் பயன்படுகிறது. எஃப்டி-1164 படிவத்தைச் சாதாரண வெள்ளைத் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். தடித்த அட்டையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ரேகையை, பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு எடுப்பதே சரி. சென்னை போன்ற நகரங்களில் குடியேற்ற விண்ணப்பங்களுக்கென்றே இதைச் செய்து தரும் தனியார் சேவையாளர்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஸ்டாம்ப் பேடை வைத்து முயன்று பார்ப்பது பெரும்பாலும் வீண்.

எடுப்பவர் அனுபவமுள்ளவர் என்றாலும், என்ன நடக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு விரலும் நகத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரே சீராக உருட்டப்பட வேண்டும். கட்டைவிரல்களை உடலை நோக்கியும், மற்ற விரல்களை உடலிலிருந்து விலகும் திசையிலும் உருட்டினால் கை இறுக்கமில்லாமல் இயல்பாகத் திரும்பும். விரலை நீங்களே அழுத்தாமல், கையைத் தளர்த்தி எடுப்பவரிடம் விட்டுவிடுங்கள்; அழுத்தினால் கோடுகளுக்கு இடையே உள்ள வெள்ளை இடைவெளியில் மை நிரம்பி, ரேகை கறுப்புத் திட்டாகிவிடும். உருட்டிய பத்துப் பதிவுகளுக்குக் கீழே, நான்கு விரல்களையும் ஒன்றாகவும் கட்டைவிரல்களைத் தனியாகவும் நேராக வைத்து எடுக்கும் பதிவுகளும் இருக்க வேண்டும். மேலே உள்ள விரல்கள் சரியான வரிசையில்தான் பதிந்துள்ளனவா என்பதை இவற்றோடு ஒப்பிட்டே சரிபார்ப்பார்கள். அட்டையில் உள்ள ஏதாவது ஒரு விரலுக்கான கட்டத்தில் பதிவு கெட்டுவிட்டால் அதன் மேலேயே மீண்டும் உருட்டக் கூடாது; அதற்கென்று உள்ள ஒட்டுத்தாளை ஒட்டி எடுக்கலாம், ஒரு கட்டத்துக்கு இரண்டு ஒட்டுத்தாள்கள் வரை ஏற்கப்படும்.

சிலருக்கு ரேகையே தேய்ந்திருக்கும். பாத்திரம் துலக்கும் தூளில் நாள்தோறும் கை வைப்பவர்கள், சிமெண்டையும் ரசாயனங்களையும் கையாண்டவர்கள், ஓயாமல் கைகழுவும் செவிலியர்கள், முதியவர்கள் ஆகியோருக்கு இந்தத் தொல்லை அதிகம். கேப்பசிடபின் போன்ற சில புற்றுநோய் மருந்துகளும் விரல் நுனித் தோலைப் பாதித்து ரேகையை மங்கச் செய்வதுண்டு. இத்தகையவர்கள் ரேகை எடுப்பதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே தோலுக்கு ஈரப்பதம் தரும் களிம்பைத் தவறாமல் பூசி, சோப்புத்தூளைத் தொடாமல் இருந்தால் கோடுகள் ஓரளவு தெளிவாகும். எடுக்கும் நேரத்தில் கையில் எண்ணெய்ப்பசை இருக்கக் கூடாது என்பதால், அன்று கழுவி நன்றாகத் துடைத்துவிட வேண்டும். கை வியர்ப்பவர்கள் ஒவ்வொரு விரலையும் ஸ்பிரிட்டால் துடைத்த கையோடு பதிவு செய்யலாம். விரல் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல் காரணத்தைக் குறிப்பிட வேண்டும். காரணம் இல்லாத வெற்றுக் கட்டம், எடுக்கத் தவறிய ரேகையாகவே கருதப்படும்.

யாராக இருந்தாலும் ஒரே அட்டையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒரே அமர்வில் இரண்டு மூன்று அட்டைகள் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே உறையில் அனுப்பினால், ஒன்றில் மங்கிய விரல் மற்றொன்றில் தெளிவாக இருக்க வாய்ப்புண்டு. எஃப்.பி.ஐ.யே இதைப் பரிந்துரைக்கிறது. ஒளிநகல் மட்டும் கூடாது. ஒவ்வொன்றும் மூல அட்டையாகவே இருக்க வேண்டும்.

பெயர் எழுதும் இடத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் வெறுமையாக இருந்தவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகி, இயற்பெயர் குடும்பப்பெயராக ஏறியிருக்கும். பின்னர் தந்தை பெயரைச் சேர்த்துப் புதிய பாஸ்போர்ட் எடுத்தவர்களும் உண்டு. அட்டையிலும் இணைய விண்ணப்பத்திலும் இப்போதைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதி, அமெரிக்காவில் பதிவான மற்ற வடிவங்களை வேறு பெயர்களுக்கான இடத்தில் குறிப்பிடுங்கள். கனடா விண்ணப்பத்தில் இந்த வேறுபாட்டைச் சில வரிகளில் விளக்கினால் அதிகாரிக்கும் குழப்பம் இராது.

முடிவு மின்னஞ்சலில் வரும் இணைப்பு வழியாகக் கிடைக்கும். உடனே தரவிறக்கிச் சேமித்துவிடுங்கள். வெளிநாட்டில் பயன்படுத்த ஆவணத்தை உறுதிப்படுத்தும் அப்போஸ்டில் முத்திரை கனடாவுக்குத் தேவையில்லை. எப்போதோ கைதாகி வழக்குத் தள்ளுபடியானவர்களின் சான்றில் அந்தக் கைது மட்டும் தெரிந்து, தீர்ப்பு விடுபட்டிருக்கலாம். அப்போது சம்பந்தப்பட்ட நீதிமன்றத்தின் சான்றிட்ட நகலைப் பெற்று இணைப்பதோடு, பதிவைத் திருத்தக் கோரி எஃப்.பி.ஐ.யிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

எல்லாம் செய்தும் 60 நாட்களுக்குள் சான்று வரவில்லையென்றால், அந்த இடத்தை வெறுமையாக விட்டுச் சமர்ப்பிக்காதீர்கள். விண்ணப்பித்த நாள், கட்டண ரசீது, கூரியர் ரசீது, நிராகரிப்பு வந்திருந்தால் அந்தக் கடிதம் ஆகிய அனைத்தையும், நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்லும் விளக்கக் கடிதத்துடன் ஒரே கோப்பாக்கிப் பதிவேற்றுங்கள். ரேகை தேய்ந்ததற்கு மருத்துவக் காரணம் இருந்தால் மருத்துவரின் கடிதத்தையும், நீங்கள் வாழ்ந்த மாநிலங்களின் காவல்துறைச் சான்றுகள் கிடைக்குமானால் அவற்றையும் சேர்க்கலாம். ஏற்பதா, கூடுதல் அவகாசம் தருவதா என்பது அதிகாரியின் முடிவு. ஆகவே விளக்கக் கடிதத்தை அனுப்பிய பிறகும், அடுத்த ரேகை அட்டைகளை எடுத்து அனுப்பும் வேலையை நிறுத்தாதீர்கள்.