இலையில் பாஸ்பாடிடிக் அமிலம் அளக்கப் போகிறீர்களா? முதலில் ஐசோபுரப்பனாலைச் சூடாக்குங்கள்

தண்ணீர் ஊற்றாமல் வாடவிட்ட அரபிடாப்சிஸ் செடி (ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் கடுகுக் குடும்பச் சின்னச் செடி) ஒரு பக்கம், வயிறு முட்டக் குடித்த செடி இன்னொரு பக்கம். இரண்டிலும் இலை பறித்து, கல்வத்தில் நிதானமாக அரைத்து, லிப்பிட்டை, அதாவது கொழுப்புப் பொருள்களை, பிரித்து அளந்தேன். வறட்சியில் ஏற வேண்டிய லிப்பிட்டான பாஸ்பாடிடிக் அமிலம் இரண்டிலுமே கொட்டிக் கிடந்தது. வறட்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை போலிருக்கிறது என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் உறைத்தது, நான் அளந்ததெல்லாம் என் கல்வம் செய்த வேலையை.

என்ன நடக்கிறது என்றால், செல் சவ்வில் இருக்கும் பாஸ்பாடிடைல்கோலின் போன்ற லிப்பிட்டின் தலையை பாஸ்போலிப்பேஸ் டி என்ற நொதி வெட்டிவிடும். கோலின் போய்விடும், மிச்சம் பாஸ்பாடிடிக் அமிலம். அரபிடாப்சிஸில் இந்த நொதிக்கு மட்டும் 12 ஜீன்கள். இன்னொரு வழியும் உண்டு: பாஸ்போலிப்பேஸ் சி என்ற இன்னொரு நொதி சவ்வு லிப்பிட்டை வெட்டித் தரும் டைஅசைல்கிளிசராலில், கைனேஸ் என்ற நொதி பாஸ்பேட்டை ஒட்டிவிட்டால் அதே அமிலம்தான் கிடைக்கும். சும்மா இருக்கும் இலையில் இது மிகக் கொஞ்சம். அதனால்தான் இதைச் சமிக்ஞையாகப் பயன்படுத்த முடிகிறது. வறட்சி, உப்பு, குளிர், நோய்க்கிருமி என்று எது வந்தாலும் சில நிமிடங்களில் அளவு ஏறும், அதன் எதிர்மின்சுமை சில புரதங்களைச் சவ்வுக்கு இழுத்துக்கொள்ளும். நன்றாகத் தெரிந்த உதாரணம் ஏபிஐ1. அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் இலைத்துளையை மூடச் சொல்லும்போது குறுக்கே நிற்கிற புரதம் அது. பாஸ்பாடிடிக் அமிலம் அதைப் பிடித்துச் சவ்விலேயே நிறுத்திவைப்பதால் துளை மூட வழி கிடைக்கிறது என்று 2004-இல் காட்டினார்கள்.

சிக்கல், இலையைக் காயப்படுத்தினாலும் இதே நொதிதான் விழித்துக்கொள்ளும். வெயிலில் வாடினதா, கத்தரிக்கோல் பட்டதா என்று அதற்குக் கவலை இல்லை. ஆகவே வெட்டிய சில விநாடிகளுக்குள் நொதியைக் கொன்றாக வேண்டும், இந்த வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

செடியைத் தொடுவதற்கு முன்னாலேயே, டெஃப்லான் உள்மூடி வைத்த கண்ணாடிக் குழாயில் 3 மில்லி ஐசோபுரப்பனால் எடுத்து 75 டிகிரிக்குச் சூடாக்குங்கள். அதில் 0.01 சதவீதம் பி.எச்.டி. கலந்திருக்க வேண்டும். (வாங்க வருடக்கணக்காகும் அந்தப் பட்டம் இல்லை, பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுவீன், இலையில் லினோலெனிக் அமிலம் நிறைய இருப்பதால் காற்றுப்பட்டுக் கெடாமல் இது காக்கும்.) வாட்டர் பாத்தின் திரையில் 75 என்று இருந்தால் குழாய்க்குள்ளும் 75 என்று நம்பிவிடாதீர்கள், ஒரு குழாயில் தெர்மாமீட்டரை விட்டே பாருங்கள். ஐசோபுரப்பனால் 82 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், லேசில் தீப்பிடிக்கும். பக்கத்தில் பர்னர் எரியக்கூடாது, ஃபியூம் ஹூட்டுக்குள் வைத்தே செய்யுங்கள்.

குழாயை நீங்கள் செடிக்குக் கொண்டு போகாதீர்கள், செடியைக் குழாய்க்கு அருகில் கொண்டு வாருங்கள். காம்பில் ஒரே வெட்டு, இலை நேராக உள்ளே. எடை பார்க்க, படம் எடுக்க, பெயர் எழுத என்று நடுவில் எதுவும் வேண்டாம், பெயரெல்லாம் முன்பே எழுதியிருக்க வேண்டும். இலை முழுவதும் மூழ்கியிருக்கட்டும், 15 நிமிடம் அப்படியே விடுங்கள். சின்னக் குழாயில் நிறைய இலையைத் திணித்தால் சூடு இறங்கிவிடும், நொதி பாதி உயிரோடு இருக்கும். திரவ நைட்ரஜன் போதாதா என்று கேட்பார்கள். உறைந்திருக்கும் வரை சரிதான், ஆனால் உருகும் நேரத்தில் நொதி வேலையைத் தொடங்கிவிடும். நைட்ரஜனில் உறைய வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், உருக விடாமல் உறைந்தபடியே சூடான ஐசோபுரப்பனாலில் போடுங்கள்.

அப்புறம் வருவது பொறுமை வேலை. ஆறியதும் 1.5 மில்லி குளோரோஃபார்மும் 0.6 மில்லி தண்ணீரும் சேர்த்து ஒரு மணி நேரம் குலுக்கி, திரவத்தை வேறு கண்ணாடிக் குழாய்க்கு மாற்றுங்கள். பிறகு குளோரோஃபார்ம், மெத்தனால் 2:1 கலவையை (இதிலும் பி.எச்.டி. உண்டு) ஊற்றி அரை மணி நேரம் குலுக்கி எடுப்பதையே இலை வெளுத்துப் போகும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எனக்குப் பெரும்பாலும் ஐந்து தடவை ஆகும். எடுத்ததையெல்லாம் ஒன்றாக்கி, 1 மில்லி 1 மோலார் பொட்டாசியம் குளோரைடால் ஒரு தரம், 2 மில்லி தண்ணீரால் ஒரு தரம் கழுவி, மேல் அடுக்கை வீசிவிட்டுக் கீழ் அடுக்கை நைட்ரஜன் வாயுவில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் எங்கேயும் வேண்டாம், குளோரோஃபார்ம் அதிலிருந்து கண்டதையும் கரைத்துக்கொண்டு வரும். நைட்ரைல் கையுறையையும் அது சீக்கிரம் ஊடுருவும், பட்டால் உடனே மாற்றுங்கள்.

வெளுத்த இலையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! 105 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி எடை போட வேண்டும், லிப்பிட் அளவை அந்த உலர் எடைக்குத்தான் கணக்குப் போட வேண்டும். வாடிய இலையையும் தண்ணீர் நிறைந்த இலையையும் ஈர எடையில் ஒப்பிட்டால் கணக்கு அங்கேயே கோணிவிடும்.

உங்கள் கை எவ்வளவு வேகம் என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது, நான் இதை எல்லோரிடமும் வற்புறுத்துவேன். நன்றாக இருக்கும் ஒரே செடியிலிருந்து ஒரே வயது இலைகள் சில எடுங்கள். சிலவற்றை வெட்டியதும் போடுங்கள், சிலவற்றை இடுக்கியால் நசுக்கி 15 நிமிடம் மேசையில் வைத்துவிட்டுப் போடுங்கள். முதல் கூட்டத்தில் பாஸ்பாடிடிக் அமிலம் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால் வறட்சி சோதனைக்குப் போகாதீர்கள், குழாயின் சூட்டைப் பாருங்கள். அந்த 12 ஜீன்களில் ஒன்றான பாஸ்போலிப்பேஸ் டி ஆல்பா1 கெட்ட செடியின் விதை ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்திலுள்ள அரபிடாப்சிஸ் விதை மையத்தில் கிடைக்கும். அதையும் பக்கத்தில் வளர்த்து வைத்தால் நல்லது, நசுக்கினாலும் அதில் ஏற்றம் குறைவாகவே இருக்கும்.

அமிலம் எந்த வழியில் வந்தது என்று தெரிய வேண்டுமென்றால், செடியை உயிரோடு இருக்கும்போதே கொஞ்சம் என்-பியூட்டனாலில் வைத்துப் பாருங்கள். பாஸ்போலிப்பேஸ் டி தண்ணீரை விட்டுவிட்டு பியூட்டனாலைப் பிடித்துக்கொண்டு பாஸ்பாடிடைல்பியூட்டனால் செய்யும், கைனேஸ் வழியால் இது முடியாது. கன்ட்ரோலுக்கு டெர்ட்-பியூட்டனால் வையுங்கள், இந்த நொதி அதைத் தொடாது. ஆனால் என்-பியூட்டனால் செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களையும் குலைக்கும். அதனால் செடி எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து முடிவு கட்டாமல், உருவான பாஸ்பாடிடைல்பியூட்டனாலையே அளந்து எழுதுங்கள்.