மணல் திட்டில் இறங்காதீர்கள்: காவிரிக் கரைக்குக் கிளம்பும் பெங்களூர்க்காரர்களுக்கு

போன ஏப்ரலில் அல்சூரிலிருந்து தெரிந்த குடும்பம் ஒன்றைக் காவிரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பரிசலில் ஏறிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த வீட்டுப் பையன் ஆற்றுக்கு நடுவே தெரிந்த ஒரு மணல் திட்டைக் காட்டி, "அண்ணா, அங்க நிறுத்தச் சொல்லுங்களேன், சாப்பாட்ட அங்கயே வெச்சுக்கலாம்" என்றான். எனக்கு ஒரு நொடி பேச்சே வரவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே ஆற்றில் இதே வார்த்தையைச் சொன்னவன் நான்.

பயணக் கட்டுரை எழுதுகிறவன் என்பதால் வாரக் கடைசியில் யாராவது என்னோடு வருவார்கள். என்னுடைய பழைய தவறுகளை ஒன்று விடாமல் அவர்களும் செய்கிறார்கள். சத்தம் போடாதே, பளிச்சென்று சட்டை போடாதே, குரங்குக்குத் தீனி வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, மற்றத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பிடதியில் உட்கார்ந்துவிடுவது

சனிக்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பி, பிடதியில் தட்டு இட்லி, மத்தூரில் வடை என்று நின்று நின்று ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. வெயில் ஏறிவிட்டால் பறவைகளின் நடமாட்டம் அடங்கிவிடும். மஞ்சள் மூக்கு நாரைகள் இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்தபடி நிற்கும். இரை கொண்டுவருவதும் ஊட்டுவதுமான அமளியெல்லாம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். இட்லியைத் திரும்பும்போது சாப்பிடுங்கள். பைக்கில் போகிறவர்கள் இன்னும் முன்னதாகக் கிளம்ப வேண்டும். மைசூர் விரைவுச்சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்டிலிருந்து பைக்குக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடுதான்.

மணல் திட்டில் இறங்குவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் யாராவது செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

கோடையில் காவிரி இளைக்கும்போது நடுவில் மணல் திட்டுகளும் பாறைத் திட்டுகளும் தலைகாட்டும். பார்க்க அவ்வளவு அழகு. சுற்றிலும் தண்ணீர், ஆள் கிடையாது, நாய் வராது. நமக்குப் பிடிக்கிற அதே காரணங்களுக்காகத்தான் ஆற்று ஆலாவுக்கும் அந்த இடம் பிடிக்கிறது. மஞ்சள் அலகு, கறுப்புத் தொப்பி வைத்தது போன்ற தலை, சிவந்த கால், பிளந்த வால் உள்ள பறவை அது. மார்ச்சிலிருந்து மே வரை இந்தத் திட்டுகளில் முட்டையிடும். கூடு என்று எதுவும் கட்டாது. மணலில் உள்ளங்கை அளவு ஒரு குழி, அவ்வளவுதான். அதில் இரண்டு மூன்று முட்டைகள், மணல் நிறத்தில், மேலே தவிட்டு நிறத் திட்டுகளோடு. நின்று குனிந்து பார்த்தாலும் கூழாங்கல் என்றுதான் தோன்றும்.

பதினைந்து வருஷத்துக்கு முந்தைய அந்த நாளில் நாங்கள் ஐந்து பேர். திட்டில் இறங்கினோம், ஜமுக்காளம் விரித்தோம், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். தலைக்கு மேலே நான்கைந்து ஆலாக்கள் கத்திக்கொண்டே சுற்றின. ஒன்று நேராக என் தலையை நோக்கிப் பாய்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் திரும்பி மேலே போனது. இவ்வளவு கிட்டத்தில் ஆலாவை நான் பார்த்ததே இல்லை. கேமராவை எடுத்துச் சரமாரியாகப் படம் எடுத்தேன். முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று. பரிசல்காரர் பீடியை அணைத்துவிட்டுத் தண்ணீர்க்குடத்தை எடுக்க வந்தவர், அப்படியே நின்று, "மொட்டெ இதே, சார்" என்றார். கன்னடத்தில் மொட்டெ என்றால் முட்டை. அவர் காட்டிய இடம் என் கேமராப் பையின் ஓரம். பையைத் தூக்கினேன். மூன்றில் ஒன்று நசுங்கியிருந்தது. மஞ்சள் கரு மணலில் ஊறி, அதன் மேல் எறும்பு ஏறிவிட்டது. மற்ற இரண்டைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்பிலிருந்து எடுத்தது போலச் சுட்டது.

ஏப்ரல் நண்பகலில் அந்த மணலில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். தாய் உட்கார்ந்திருப்பது முட்டைக்குச் சூடு கொடுக்க மட்டும் இல்லை, வெயில் படாமல் மறைக்கவும்தான். கரையோரத்து ஆள்காட்டிக் குருவி தன் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும், சூட்டைத் தணிக்க. அப்படிப்பட்ட வெயிலில் தாயை முக்கால் மணி நேரம் ஆகாயத்தில் சுற்றவிட்டால் உள்ளே இருக்கும் உயிர் என்ன ஆகும்? நாம் எதையும் மிதிக்க வேண்டாம், அங்கே இருந்தாலே போதும்.

அதோடு முடிவதில்லை. நாம் சிந்திய சோற்றுக்குக் காக்கை வரும். சோறு தீர்ந்ததும் அதன் கண் முட்டை மேல் போகும். மனிதர்கள் வாடிக்கையாக இறங்கும் திட்டுகளில் ஆலா முட்டையிட்டு நான் பார்த்ததில்லை.

பத்ரா அணைத் தீவுகளில் ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் கூடுவதைப் பார்த்தவர்கள், இதற்கு என்ன குறைச்சல் என்று நினைக்கலாம். ஆனால் உலக அளவில் இந்த இனம் குறைந்துகொண்டே வருகிறது. 2020-இல் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அணையில் தண்ணீர் திறந்தால் திட்டு மூழ்கும், ஆறு வற்றிக் கரையோடு சேர்ந்துவிட்டால் நாய் வரும், மணல் எடுத்தால் திட்டே போய்விடும். இத்தனைக்கும் தப்பிய முட்டை என் பைக்கு அடியில் போயிற்று.

சரி, என்ன செய்யலாம்? திட்டை நெருங்கும்போது பறவையைக் கவனியுங்கள். உட்கார்ந்திருக்கும் ஆலா முதலில் கழுத்தை நீட்டும். அங்கேயே துடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள். எழுந்து பறந்துவிட்டால் நாம் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டோம், எதிர்க்கரைக்குத் திருப்பிவிட வேண்டும். உங்களை நோக்கிப் பாய்ந்தால் காலடியிலேயே முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். அது போஸ் கொடுக்கவில்லை. இன்னொன்று, பரிசல்காரரிடம் "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்று கேட்கவே கேட்காதீர்கள், மேலே நூறு ரூபாய் நீட்டாதீர்கள். அவருக்கு நம்மை மறுத்துப் பேசச் சங்கடம். அன்றைக்கு அவர் எங்களை இறக்கிவிட்டதும் நாங்கள் வற்புறுத்தியதால்தான்.

போன ஏப்ரலில் அந்த அல்சூர்ப் பையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஐம்பது மீட்டருக்கு அப்பாலேயே பரிசலை நிறுத்தி பைனாகுலரைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான். பறந்துபோயிருந்த ஆலா ஒன்று திரும்பி வந்து, இரண்டு முறை சுற்றிப் பார்த்து இறங்கி, மார்பால் முட்டையை ஒதுக்கி, காலை மாற்றி மாற்றி வைத்து, மெல்ல அமர்ந்தது. "உக்காந்துடுச்சுண்ணா" என்று கிசுகிசுத்தான்.

வானத்தைப் பார்த்து ஆற்றை எடைபோடுவது

கனகபுராவில் வெயில் அடிக்கும், குடகில் மழை கொட்டும். கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்), கபினி அணைகளில் திறக்கும் தண்ணீர் திருமகூடலு நரசீபுராவில் ஒன்றுசேர்ந்து கீழே வரும்போது, காலையில் நீங்கள் நடந்து கடந்த பாறை மாலையில் இருக்காது. ஆற்றங்கரையிலுள்ள மேகதாதுவிலும் முத்தத்தியிலும் உயிர் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நமக்கு ஒரு வசதி உண்டு. தமிழ்ப் பத்திரிகைகளில் மேட்டூர் நீர்வரத்தோடு கே.ஆர்.எஸ். திறப்பும் தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்தும் வரும். மழைக்காலத்தில் கிளம்புவதற்கு முதல் நாள் அதைப் படித்துவிடுங்கள். திறப்பு அதிகமானால் ரங்கனதிட்டில் படகையும் நிறுத்திவிடுவார்கள்.

லென்ஸ்

முதலில் வாங்க வேண்டியது பைனாகுலர். எட்டு மடங்கு போதும். கேமரா லென்ஸ் அப்புறம்.

புலி ஒன்றே கணக்கு

கபினிக் காட்டுக்குப் போய்ப் புலி வரவில்லை என்று முகம் தொங்கிப்போய் வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மார்ச் முதல் மே வரை நீர்த்தேக்கம் பின்வாங்கிப் புல் முளைக்கும்போது யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். அதற்காகவே போகலாம். காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் இன்னும் ஒரு படி மேலே போய் மரத்தைப் பாருங்கள். கரையோர நீர்மருது மரங்களில் சாம்பல் நிற மலை அணில் இருக்கிறது. திருவில்லிபுத்தூரில் 1988-இல் சரணாலயம் அமைத்தார்களே, அதே அணில். இந்தியாவில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் தவிர வேறெங்கும் கிடையாது. கிளைகள் ஒன்றோடொன்று உரசும் இடமாகப் பார்த்து அரை மணி நேரம் உட்காருங்கள். முதலில் தொங்கும் வால்தான் கண்ணில் படும்.

தூண்டில்

வீட்டிலேயே இருக்கட்டும். இந்த ஆற்றின் திமில் மஹசீர் மீன் 2018-இலிருந்து மிக அபாய நிலையில் இருக்கும் இனம்.

கூட்டின் இடத்தை வரைபடத்தோடு பகிர்வது

வேண்டாம். அடுத்த ஞாயிறே இருபது பேர் அங்கே நிற்பார்கள்.

இருட்டும்வரை கரையில் இருப்பது

முத்தத்திச் சாலையில் இருட்டினால் வளைவில் யானை நிற்கும். ஐந்து மணிக்கு வண்டியைத் திருப்பிவிடுங்கள்.