தென்னந்தோப்புக்குள் வைஃபை: வீட்டு இணையத்தை மோட்டார் ரூம் வரைக்கும் கொண்டுபோவது எப்படி

பொள்ளாச்சி பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தபோது ரௌட்டரை முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். திண்ணை வரைக்கும் நன்றாகவே வந்தது. களத்தில் இறங்கினால் ஒரு கோடு, மாட்டுக் கொட்டகையைத் தாண்டினால் அதுவும் இல்லை. மோட்டார் ரூம் வீட்டிலிருந்து சுமார் 80 மீட்டர், அங்கே செல்போன் டவரும் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். அப்பாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் போடப் போவார், நடுராத்திரி என்றாலும் போவார். ஏதாவது ஒன்று என்றால் அங்கிருந்து எங்களைக் கூப்பிட முடியவேண்டும், அதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன். இதே மாதிரி தோப்போ பெரிய கொல்லையோ வைத்திருப்பவர்களுக்காக, செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் அளந்து பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் போனில் வைஃபை சிக்னலை எண்ணாகக் காட்டும் ஒரு செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். சிக்னல் டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 67 வரைக்கும் வீடியோ காலே தடங்கல் இல்லாமல் போகும், மைனஸ் 80 வந்துவிட்டால் பெயருக்கு இணைப்பு இருக்கும், வேலை நடக்காது. ஒரு தாளில் வீடு, களம், கிணறு, மோட்டார் ரூம் எல்லாம் வரைந்துகொண்டு நடந்து நடந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கு டேப் வேண்டாம். தென்னை 25 அடிக்கு ஒன்று நட்டிருந்தால் நான்கு இடைவெளி 100 அடி, அதாவது சுமார் 30 மீட்டர்.

அப்புறம் ரௌட்டரை இடம் மாற்றிப் பாருங்கள். டிவிக்குப் பின்னாலும் பீரோவுக்குப் பக்கத்திலும் இருப்பதை எடுத்து, தோப்புப் பக்கம் இருக்கும் ஜன்னலோரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வைத்தாலே களம் வரைக்கும் சரியாகிவிடலாம். ரௌட்டர் பேசும் அலைவரிசைகளில் (பேண்டுகளில்), வெளியில் தூரம் போக 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் கை கொடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரையும் இலையையும் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள், ஏனென்றால் இவை மூன்றும்தான் ஒன்றன் மேல் ஒன்று ஏறாதவை.

ரிப்பீட்டர் வாங்கலாமா?

வைஃபை சிக்னலை வாங்கி மறுபடியும் பரப்பும் பெட்டிதான் ரிப்பீட்டர், இதைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். நானும் வாங்கினேன். சிக்னல் இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தால் அது வாங்குவதே அரைகுறை, பிறகு அந்த அரைகுறையைத்தான் அடுத்தவருக்குத் தரும். ஒரே பேண்டில் ஓடும் ரிப்பீட்டர் வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே சேனலில் மாற்றி மாற்றிச் செய்வதால் வேகம் பாதியாகிவிடும். பெரிய ஆன்டெனா உள்ள ரௌட்டரை வீட்டுக்குள்ளேயே மாட்டினால் போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ரௌட்டர் சத்தமாகப் பேசுவது போனுக்குக் கேட்டால் மட்டும் போதாது, போன் மெதுவாகப் பேசுவதும் ரௌட்டருக்குக் கேட்கவேண்டும், போனில் இருப்பதோ சின்ன ஆன்டெனா, சின்ன பேட்டரி. அதனால் என் முடிவு ஒன்றுதான்: சிக்னலை நீட்ட முயலாமல் கேபிளை இழுத்து, தோப்புக்குள்ளேயே இன்னொரு வைஃபை பெட்டியை வைப்பது.

கேபிள் இழுப்பது

வெளியில் போடுவதற்கென்றே வரும் கறுப்பு உறை கேட்6 கேபிளை (எட்டுக் கம்பி உள்ள நெட்வொர்க் கேபிள்) கேளுங்கள், வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிள் வெயிலில் சீக்கிரம் வெடித்துவிடும். உள்ளே முழுச் செம்பு இருக்கவேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியை மலிவாக விற்கிறார்கள், கடையிலேயே ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கேபிளிலேயே கரண்டும் போகப்போகிறது, அலுமினியம் அதற்குத் தாங்காது. மொத்த நீளம் 100 மீட்டருக்குள் இருக்கவேண்டும், சுவரேறி இறங்கும் நீளத்தையும் சேர்த்துத்தான்.

மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிடாதீர்கள். காற்றில் மரம் ஆடும், மட்டை விழும், ஒரு பருவம்கூடத் தாங்காது. ஒன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து பிவிசி பைப்புக்குள் விடுங்கள், பெருச்சாளி கடிக்காமலும் மண்வெட்டி படாமலும் இருக்கும். மோட்டாருக்குப் போகும் கரண்ட் கேபிளோடு ஒரே பைப்பில் கண்டிப்பாகக் கூடாது. குறைந்தது ஓர் அடி தள்ளி வாருங்கள், குறுக்கே கடக்கவேண்டி வந்தால் நேர் குறுக்காகக் கடந்துவிடுங்கள். பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து விட்டு வையுங்கள், நாளைக்கு இன்னொரு கேபிள் இழுக்க உதவும்.

இரண்டு முனையிலும் கனெக்டர் போடும்போது வரிசை ஒன்றாக இருக்கவேண்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. மண்ணை மூடுவதற்கு முன்னால் நெட்வொர்க் கேபிள் டெஸ்டர் வைத்து எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பெட்டியை மாட்டுவது

மேலே சொன்ன வைஃபை பெட்டியை வெளியில் வைக்கும் ஆக்ஸஸ் பாயிண்ட் என்று கேட்டு வாங்குங்கள், ஐபி65 என்று போட்டிருந்தால் மழையும் தூசியும் தாங்கும். டிபி-லிங்க் இஏபி225 அவுட்டோர் போன்றவை கேபிள் வழியாகவே கரண்ட் எடுத்துக்கொள்ளும். இதைப் பிஓஇ என்பார்கள், தோட்டக்காரர்களுக்கு இதைவிட நல்ல வசதி வேறில்லை. கரண்ட் கொடுக்கும் சின்ன இன்ஜெக்டர் வீட்டில் இன்வெர்ட்டரில் இருக்கும், மோட்டார் ரூமில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்ற கவலையே கிடையாது. ஒன்றே ஒன்று கவனியுங்கள், 24 வோல்ட் கருவிக்கு 24 வோல்ட் இன்ஜெக்டர், 48 வோல்ட் கருவிக்கு 48. மாற்றிக் கொடுத்தால் கருவி போய்விடலாம்.

உயரமாக வைத்தால் தூரம் போகும் என்று மரத்தின் உச்சிக்குக் கொண்டுபோகவேண்டாம். வளர்ந்த தென்னந்தோப்பில் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் வெறும் தண்டுதான், ஓலையெல்லாம் அதற்கு மேலே. ஓலையில் இருக்கும் நீர் சிக்னலைக் குடித்துவிடும், மழைக்குப் பிறகு இன்னும் அதிகம். மோட்டார் ரூம் சுவரில் பத்தடி உயரத்தில், மரவரிசைகளுக்கு நடுவிலிருக்கும் பாதையைப் பார்த்தபடி மாட்டுங்கள். கேபிள் கீழே ஒரு வளைவு இறங்கி, பிறகு மேலேறி உள்ளே போகட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். துளையைச் சிலிக்கான் வைத்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு உள்ளே கூடு கட்டும்.

கருவியின் அமைப்புகளில் ஆக்ஸஸ் பாயிண்ட் மோடைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு வைஃபையின் அதே பெயர், அதே பாஸ்வேர்டு, சேனல் மட்டும் வேறு. வீட்டில் 1 என்றால் இங்கே 6. புதிதாக வாங்காமல் பழைய ரௌட்டரையே மோட்டார் ரூமுக்குள் வைப்பதென்றால் (அதற்கு அங்கேயே கரண்ட் வேண்டும்), அதன் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் எண்ணை) 192.168.1.2 என மாற்றி, போன்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை லேன் (LAN) துளையில் சொருகுங்கள், வேன் (WAN) துளையில் அல்ல. வீட்டு ரௌட்டர் 192.168.1.1 ஆக இருந்தால்தான் இந்த எண். டிஎச்சிபி அணைக்காவிட்டால் இரண்டு கருவிகளும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும், வைஃபை இணைந்திருக்கும் ஆனால் நெட் வராது.

இடி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்

முதல் வருடம் ஐப்பசி மழையில் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. எங்கள் ஆக்ஸஸ் பாயிண்ட் போனது, வீட்டு ரௌட்டரின் ஒரு துளையும் போனது. நேராக விழவேண்டும் என்றில்லை, மண்ணுக்குள் நீளமாகக் கிடக்கும் செம்புக் கம்பி அதிர்ச்சியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். இப்போது இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் (அந்த அதிர்ச்சியை மண்ணுக்குத் திருப்பிவிடும் கருவி) போட்டு, அதை எலக்ட்ரீசியனை வைத்து நல்ல எர்த்தில் இணைத்திருக்கிறோம். அதுவும் முழுக் காப்பு இல்லை, அதனால் இடி மின்னல் வருகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே கேபிளைக் கழற்றிவிடுகிறோம். சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கும் அப்படித்தான்.

100 மீட்டரைத் தாண்டினாலோ, இடி அதிகம் விழும் மேட்டு நிலம் என்றாலோ, உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் கேபிள் போட்டு இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு சேர்க்கும் பெட்டி) வைப்பது நல்லது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் அந்த முனையில் தனியாகக் கரண்ட் வேண்டும். பள்ளம் எடுக்கவே வழியில்லை என்றால் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு வயர்லெஸ் பிரிட்ஜ்கள் (கேபிளுக்குப் பதில் காற்றிலேயே இணைப்பைக் கடத்துபவை), டிபி-லிங்க் சிபிஇ510 போன்றவை, வைக்கலாம். அதற்கு நேர்ப்பார்வை கட்டாயம். 100 மீட்டர் தூரத்துக்கு நடுவழியில் சுற்றிலும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வெறுமையாக இருக்கவேண்டும், இளம் தென்னை ஓலை விரித்து அதற்குள் நீட்டிவிட்டால் வேகம் விழுந்துவிடும்.

கடைசியாக போனில் அமைப்புகளுக்குப் போய் வைஃபை காலிங் என்பதை இயக்குங்கள். போனும் சிம் நிறுவனமும் அதற்கு வசதி கொடுத்திருந்தால் டவர் இல்லாத இடத்திலும் சாதாரண அழைப்பே வைஃபை வழியாகப் போகும். வீட்டிலிருந்து பேசிக்கொண்டே மோட்டார் ரூம் வரைக்கும் நடந்து பாருங்கள், எந்த மரத்துக்குப் பக்கத்தில் குரல் உடைகிறதோ அந்த மரத்தைத் தாளில் குறித்து, பெட்டியை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் திருப்புங்கள். நான் மூன்று தடவை திருப்பினேன். இப்போது கடைசி வரிசையில் மைனஸ் 64. நேற்று ராத்திரி ஒரு மணிக்கு அப்பா அங்கிருந்து கூப்பிட்டு, வாய்க்கால் உடைந்திருக்கிறது, மண்வெட்டி எடுத்து வா என்றார்.